பூனை வளர்க்கப் புகுவோர்க்கு

கம்பர் தம் இராமாயணத்தின் அவையடக்கத்தில் தம்மை ஒரு பூனைக்கு ஒப்பிட்டுக் கொள்கிறார். பாற்கடலை அடைந்த பூனை ஒன்று அதனை முழுவதும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்டது போல, தாமும் இராமன் கதையைச் சொல்ல ஆசைப்பட்டதாக அவர் அடக்கத்தோடு கூறுகிறார். பூனை என்றவுடன் பாலை நினைப்பது நம்மிடையே அவ்வளவு பழைய வழக்கம். ஆனால், பூனையை வீட்டில் வளர்க்க விரும்புவோர் முதலில் மறக்க வேண்டியதும் அந்தப் பாலைத்தான். அது ஏன் என்பதையும், முதன்முதலாகப் பூனை வளர்க்கப் புகுவோர் இன்றியமையாது அறிந்திருக்க வேண்டிய வேறு சில செய்திகளையும் இன்று கூற விரும்புகிறேன்.

நான் கால்நடை மருத்துவன் அல்லேன். தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவன். பூனையைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி, அறியாமையால் ஒரு பூனையை இழந்தவன் என்பது ஒன்றே.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைநாளில், எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் நனைந்து நடுங்கிக் கொண்டிருந்த ஆண் குட்டி ஒன்றை என் மகள் எடுத்து வந்தாள். நாங்கள் மரக்கறி உண்போர். ஆதலின் அதற்கும் பால் சோறும் தயிர்ச் சோறுமே கிடைத்தன. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அது எங்களோடு இருந்தது. ஒருநாள் அது மணல் தட்டில் அடிக்கடி போய் அமர்ந்து முக்கியது, மெல்ல முனகியது. மலச்சிக்கல் என்று நாங்கள் எண்ணினோம். மறுநாளும் அவ்வாறே எண்ணிக் காத்திருந்தோம். மூன்றாம் நாள் மருத்துவரிடம் தூக்கிச் சென்றபோது, சிறுநீர் அடைபட்டு, அதன் நஞ்சு உடலெங்கும் பரவிவிட்டது என்று கூறினார். "நேற்றே கொண்டு வந்திருக்கக் கூடாதா?" என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அன்றிரவே அது இறந்துவிட்டது. "அப்பா, நமக்கு ஏன் இது தெரியவில்லை?" என்று மகள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடையாகவே இந்தச் செய்திகளை நான் தேடித் தெரிந்துகொண்டேன்.

முதலாவது, பூனையைக் கொண்டு வருவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை. நன்கு பேணப்படும் வீட்டுப் பூனை பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் வரை, சில சமயம் அதற்கு மேலும், உயிர் வாழும். இன்று ஆறாம் வகுப்புப் படிக்கும் குழந்தை கல்லூரிப் படிப்பை முடித்து வேலைக்குப் போகும் காலம் வரை அந்தப் பூனை நம்முடன் இருக்கும். அதற்கு உணவிடுவது யார், வெளியூர் செல்லும்போது பார்த்துக் கொள்வது யார், மாற்றல் உத்தரவு வந்தால் என்ன செய்வது என்பவற்றை வீட்டார் அனைவரும் கூடி முன்னதாகவே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

குட்டியை எடுப்பதாயின், அது தாயிடம் குறைந்தது எட்டு வாரங்களேனும், இயலுமாயின் பன்னிரண்டு வாரங்கள் வரையிலும் இருந்திருப்பது நன்று. தாயின் பாலோடு, கடிக்காமல் விளையாடவும், மண்ணைத் தோண்டி மலத்தை மூடவும் அது கற்றுக்கொள்ளும் காலம் அதுவே. தெருவில் தனித்திருக்கும் குட்டியைக் கண்டவுடன் தூக்கி வந்துவிடுவதும் சரியன்று. தாய் இரை தேடச் சென்றிருக்கலாம். சற்றுத் தொலைவில் நின்று சில மணி நேரம் கவனித்த பிறகே, அது உண்மையில் கைவிடப்பட்டதா என்று முடிவு செய்ய வேண்டும். நனைந்தோ அடிபட்டோ நோயுற்றோ இருப்பின் காத்திருக்க வேண்டியதில்லை.

புதிதாக வந்த பூனைக்கு முதல் சில நாட்கள் வீடு முழுவதையும் திறந்து விடாதீர்கள். ஓர் அறையே போதும். அங்கே ஒரு பக்கம் உணவும் நீரும், எதிர்ப்பக்கம் மணல் தட்டும், ஒளிந்து கொள்வதற்கு ஓர் அட்டைப் பெட்டியும் இருக்கட்டும். அது கட்டிலுக்கு அடியில் புகுந்து வெளியே வர மறுக்கலாம். அதனை இழுத்தெடுக்க வேண்டாம். நீங்கள் அவ்வறையில் அமைதியாக அமர்ந்து உங்கள் வேலையைப் பார்த்துக் கொண்டிருந்தால், அதுவே ஒருநாள் உங்களை நாடி வரும்.

இரண்டாவது, உணவு. நாயைப் போலன்றி, பூனை இறைச்சியை உண்டே வாழுமாறு அமைந்த பிராணி. இனிப்பை அறியும் சுவையுணர்வுகூட அதற்கு இல்லை. அவ்வுணர்வுக்குரிய மரபணு பூனை இனத்தில் செயலற்றுப் போயிற்று என்பதை அறிவியலார் 2005-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். இதனினும் முக்கியமானது 'டாரின்' என்னும் சத்துப்பொருள். மனிதனும் நாயும் அதனை உடலுக்குள் ஓரளவு ஆக்கிக் கொள்ள இயலும்; பூனையால் தேவையான அளவு ஆக்கிக் கொள்ள இயலாது. டாரின் குறைந்தால் பூனையின் கண்ணில் விழித்திரை அழிந்து பார்வை கெடும் என்பது 1975-இலும், இதயத் தசை தளர்ந்து உயிருக்கே கேடு வரும் என்பது 1987-இலும் தெளிவாயின. இப்பொருள் இறைச்சியிலும் மீனிலும் உண்டு. அரிசியிலும் பருப்பிலும் காய்கறியிலும் இல்லை.

மரக்கறி உண்ணும் இல்லங்களுக்கு இங்கே ஒரு சங்கடம் எழுவது இயல்பு. எங்கள் வீட்டிலும் அது எழுந்தது. நம் கொள்கை நமக்கு உரியது. அதனைப் பூனையின் மேல் சுமத்துவது அதன் கண்ணையும் இதயத்தையும் விலையாகக் கேட்பதாகும். புலால் உணவு வீட்டிற்குள் வரவே கூடாது என்பவர்கள் முயலையோ கிளி வகையையோ நாடாமல், பூனை வளர்க்கும் எண்ணத்தை மட்டும் கைவிட்டு, தெருப் பிராணிகளைக் காக்கும் அமைப்புகளுக்கு உதவி செய்யலாம். எங்களைப் போல் இடைவழி காண விரும்புவோர்க்கு, பூனைகளுக்கென்றே பொட்டலமாகவும் டப்பாவாகவும் விற்கப்படும் முழுமையான உணவு ஏற்றது. அதனைத் தனித் தட்டில், சமையலறைக்கு வெளியே வைத்துக் கொள்ளலாம். வாங்கும்போது, அது வெறும் தின்பண்டமா, அல்லது அன்றாடம் கொடுக்கத்தக்க முழு உணவா என்பதை உறையில் படித்துப் பாருங்கள். நாய்க்குரிய உணவு பூனைக்கு ஈடாகாது.

வீட்டில் மீனோ கோழியோ சமைப்பவர்கள், உப்பு, மிளகாய், மசாலா ஏதும் சேர்க்காமல் வேகவைத்து, முள்ளும் எலும்பும் நீக்கிக் கொடுக்கலாம். ஆனால், சதை மட்டும் கொடுத்து வந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறையும். காட்டில் பூனை எலியைத் தின்னும்போது எலும்போடு தின்கிறது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். பச்சை மீனைத் தொடர்ந்து கொடுப்பதும் தீது. சிலவகைப் பச்சை மீன்களில் உள்ள ஒரு பொருள், உடலிலுள்ள பி-1 வைட்டமினை அழித்துவிடும். வெங்காயமும் பூண்டும், பச்சையாயினும் வெந்ததாயினும், பூனையின் இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஆதலின் குழம்பு பிசைந்த சோற்றை அறவே தவிர்க்க வேண்டும். சாக்லேட்டும் கூடாது.

இனிப் பாலுக்கு வருவோம். தாய்ப்பால் மறந்த பின், பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்து விடுகிறது. பால் குடித்த பூனைக்குப் பேதி ஆவது இதனால்தான். அது விரும்பிக் குடிக்கிறதே என்பது விடையாகாது. குழந்தை விரும்புவதையெல்லாம் நாம் கொடுத்து விடுகிறோமா? பூனைக்கு வேண்டுவது நல்ல நீர். வீட்டுப் பூனையின் முன்னோர் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை இனத்தவை. வறண்ட நிலத்தில் வாழ்ந்த அவை, இரையின் உடலிலிருந்தே பெரும்பாலும் நீரைப் பெற்றன. அந்த மரபின் காரணமாகப் பூனைக்குத் தாகவுணர்ச்சி குறைவு. உலர்ந்த உணவு மட்டும் தின்னும் பூனை தேவையான நீரைக் குடிக்காமலே இருந்துவிடக் கூடும். வாயகன்ற பாத்திரங்களில், வீட்டில் இரண்டு மூன்று இடங்களில், நாள்தோறும் புதுநீர் வையுங்கள். ஈரமான உணவையும் கலந்து கொடுங்கள். வடநாட்டுக் கோடையில் இது மிகமிக அவசியம்.

மூன்றாவது, துப்புரவு. அகன்ற பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் மூன்று நான்கு விரற்கடை உயரம் மணலோ, கடைகளில் விற்கும் கட்டியாகும் களிமண் துகளோ நிரப்பி வைத்தால், பூனை தானே அதனைப் பயன்படுத்தக் கற்றுக் கொள்ளும். பூனைகள் எத்தனையோ, அதற்கு மேல் ஒன்று என்ற கணக்கில் தட்டுகள் இருப்பது நன்று. உணவுக்கு அருகில் தட்டை வைத்தாலும், துப்புரவு செய்யாமல் விட்டாலும், பூனை வேறு மூலையைத் தேடிக்கொள்ளும். அது பிடிவாதமன்று, தூய்மையை நாடும் இயல்பு. திடீரென்று தட்டை விட்டு வேறிடத்தில் சிறுநீர் கழிக்கத் தொடங்கினால், அடிக்கக் கை ஓங்காமல், நோய் இருக்குமோ என்று ஐயுறுங்கள்.

கருவுற்ற பெண்கள் உள்ள வீட்டில் பூனை இருக்கலாகாது என்று பலர் அஞ்சுகின்றனர். அச்சத்திற்குக் காரணம் 'டாக்ஸோபிளாஸ்மா' என்னும் நுண்ணுயிர். அது சில பூனைகளின் மலத்தில் வெளிப்படுவதும், கருவிலுள்ள சிசுவுக்குக் கேடு செய்யக் கூடியதும் உண்மையே. ஆனால் வெளிப்பட்டவுடன் அது தொற்றுவதில்லை. தொற்றும் நிலையை அடைய ஒரு நாளேனும் ஆகும். தட்டை நாள்தோறும் வேறொருவர் துப்புரவு செய்வதும், பூனைக்குப் பச்சை இறைச்சி கொடாமல் இருப்பதும், அனைவரும் கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும் தக்க காப்பாகும். சரியாக வேகாத இறைச்சியாலும், கழுவாத காய்கறியாலும்கூட அது பரவும் என்பதை மறக்கக் கூடாது. ஐயமிருப்பின் மருத்துவரைக் கேட்டுத் தெளிக. பூனையைத் தெருவில் விடுவது விடையன்று.

நான்காவது, வீட்டினுள் உள்ள ஆபத்துகள். மாடியிலிருந்து விழுந்தாலும் பூனை காலூன்றி விழும், அதற்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிறோம். காலூன்றி விழுவது உண்மை. ஒன்றும் ஆகாது என்பது பொய். தாடையும் காலும் முறிந்து, நுரையீரலில் அடிபட்டு மருத்துவமனைக்கு வரும் மாடிவீட்டுப் பூனைகள் பல. பால்கனிக்கும் சாளரத்திற்கும் வலை அடித்துவிட்டுப் பூனையைக் கொண்டு வாருங்கள். தையல் நூலும் ஊசியும், மாலை கட்டிய நாரும் விழுங்கப்பட்டால் குடலை அறுக்கும். பாச்சை உருண்டை, பினாயில், எலி மருந்து ஆகியவை நஞ்சு. பூங்கொத்தில் வரும் லில்லி மலர்கள் சிறுநீரகத்தை அழிப்பவை. அவற்றின் மகரந்தம் உடலில் ஒட்டி, அதனைப் பூனை நக்கினாலும் போதும். குளிர்காலத்தில் வெப்பத்தை நாடிப் பூனைகள் மோட்டார் வண்டியின் இயந்திரப் பகுதியில் புகுந்து உறங்குவதுண்டு. வண்டியை எடுக்குமுன் மூடியை ஒருமுறை தட்டுங்கள்.

ஐந்தாவது, நோயும் மருத்துவமும். பூனையின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ நூறரை முதல் நூற்றிரண்டரை டிகிரி பாரன்ஹீட். நம்மைவிட அதன் உடல் சூடாக இருப்பதைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் என்று எண்ணி, வீட்டிலுள்ள பாரசிட்டமால் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பவர்கள் உண்டு. அம்மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரு மாத்திரையே அதனைக் கொன்றுவிடும். மனிதருக்குரிய எந்த மருந்தையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். நாய்க்குரிய உண்ணி மருந்துகளில் சிலவற்றில் உள்ள 'பெர்மெத்ரின்' என்பதும் பூனைக்குக் கொடிய நஞ்சாகும்.

குட்டிக்கு ஆறு அல்லது எட்டு வார வயதில் தடுப்பூசி தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறையாக, பதினாறு வாரம் வரை போட வேண்டும். இது குட்டிகளைக் கூட்டமாக மாய்க்கும் குடல்நோய் ஒன்றையும், மூக்கும் கண்ணும் ஒழுகும் இரண்டு சுவாச நோய்களையும் தடுக்கும். மூன்று மாத வயதில் ரேபிஸ் என்னும் வெறிநோய்க்கான ஊசியும், பின்னர் மருத்துவர் கூறும் காலந்தோறும் மறு ஊசியும் தேவை. வெறிநோய் நாயால் மட்டும் வருவதன்று. எந்தப் பூனை கடித்தாலும், பிறாண்டி இரத்தம் வந்தாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் தடவிக் காலம் கடத்துதல் ஆகாது. அந்நோய் வெளிப்பட்டபின் மருந்தில்லை. வெளிப்படுமுன் தடுக்கும் வழி உண்டு.

குடற்புழு நீக்க மருந்தும் காலந்தோறும் வேண்டும். கருத்தடை அறுவையை ஒத்திப் போடாதீர்கள். பெட்டைப் பூனை நான்கைந்து மாத வயதிலேயே சினைப்படக் கூடும். ஒன்பது வாரத்தில் குட்டி ஈனும். ஆண்டிற்கு ஒருமுறைக்கு மேலும் ஈனும். ஒருமுறை குட்டி போட்ட பிறகே அறுவை செய்ய வேண்டும் என்ற நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. ஆண் பூனைக்கும் அறுவை செய்தால் சண்டையும், வீடெங்கும் சிறுநீர் தெளிப்பதும், தொலைந்து போவதும் குறையும்.

பூனை தன் நோயை மறைக்கும் பிராணி. ஆதலின் சில குறிகளை மனத்தில் பதித்துக் கொள்ள வேண்டும். ஒரு நாளுக்கு மேல் உண்ணாதிருத்தல், வாயைத் திறந்து மூச்சிரைத்தல், எங்கோ மூலையில் ஒடுங்கிக் கிடத்தல், உடல் மயிரை நக்கிச் சீர் செய்யாது விடுதல், ஓயாத வாந்தி. பட்டினி கிடந்தால் தானே சரியாகும் என்ற நம் பழைய முறை பூனைக்குப் பொருந்தாது. சில நாள் உண்ணாவிடில், குறிப்பாகப் பருத்த பூனைக்கு, கொழுப்பு ஈரலில் சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகும். எல்லாவற்றிலும் முதலாவது, ஆண் பூனை மணல் தட்டில் மீண்டும் மீண்டும் அமர்ந்து முக்கியும் சிறுநீர் வராமை. நள்ளிரவாயினும் அப்பொழுதே மருத்துவரிடம் ஓடுங்கள். ஒரு நாள் காத்திருப்பதற்கு நாங்கள் கொடுத்த விலையை முன்பே கூறினேன்.

பூனை நாற்காலியைக் கீறுவது குறும்பினால் அன்று. நகத்தின் பழைய உறையைக் களையவும், உடலை நீட்டி நிமிர்த்தவும், இது தன் இடம் என்று அடையாளம் இடவும் அது கீறுகிறது. உறுதியான கட்டை ஒன்றில் சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி நிறுத்தினால் நாற்காலி பிழைக்கும். அடிப்பதால் பூனை பாடம் கற்காது; அடித்தவரைக் கண்டு அஞ்ச மட்டுமே கற்கும். நாள்தோறும் காலையும் மாலையும் பத்து நிமிடம் ஒரு கயிற்று நுனியில் துணிப்பந்தைக் கட்டி இழுத்து விளையாட்டுக் காட்டுங்கள். விளையாட்டு முடிந்ததும் கயிற்றை எடுத்து வைத்துவிடுங்கள். பகலெல்லாம் உறங்கும் அப்பிராணிக்கு அதுவே வேட்டை.

இறுதியாக ஒன்று. மாற்றல் உத்தரவு வந்து மூட்டை முடிச்சுகளோடு குடும்பங்கள் புறப்பட்டபின், பூட்டிய கதவின் முன் அமர்ந்து கத்திக் கொண்டிருக்கும் பூனைகளை எங்கள் குடியிருப்பில் நான் கண்டிருக்கிறேன். பூனை வீட்டைத்தான் அறியும், மனிதரை அறியாது என்று சொல்லி மனத்தைத் தேற்றிக் கொள்வது எளிது. பட்டினியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டத்தின் பதினோராம் பிரிவின்படி குற்றம். உடன் கொண்டுசெல்ல இயலாதவர்கள், புறப்படும் நாளுக்கு வெகு முன்னரே, நம்பத்தக்க வேறொரு வீட்டைத் தேடித் தர வேண்டும்.

இப்பொழுது எங்கள் வீட்டில் வேறொரு பூனை இருக்கிறது. அதுவும் அதே மாடிப்படியிலிருந்து வந்ததே. பால்கனியில் வலை இருக்கிறது. அடுக்களைக்கு வெளியே அதற்கென ஒரு தட்டு இருக்கிறது. மருத்துவர் குறித்துக் கொடுத்த ஊசி அட்டையை என் மகள் தன் பாடப் புத்தகங்களோடு பத்திரமாக வைத்திருக்கிறாள். காலையில் அது மணல் தட்டுக்குப் போய்த் திரும்பிய பின், மணல் நனைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே நான் அலுவலகத்திற்குக் கிளம்புகிறேன்.